கணக்குக் கேட்ட பெருமகனார் தாதாபாய் நௌரோஜி

ஒரு நாடு செல்வத்தில் உயர்வதும் தாழ்வதும் எதனால்? மண்ணின் வளத்தால் என்பர் சிலர்; மக்களின் உழைப்பால் என்பர் வேறு சிலர்; எல்லாம் தலைவிதி என்று அமைவாரும் உளர். நல்ல மண்ணும், நாளெல்லாம் உழைக்கும் மக்களும் இருந்தும் ஒரு நாடு வறுமையில் ஆழ்ந்து கிடந்தால் அதற்குக் காரணம் யாது? இந்த ஒரு வினாவையே பல்லாண்டுகள் இடைவிடாது கேட்டு, கணக்கோடு விடையும் கண்ட பெருந்தகை ஒருவரை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகின்றோம். இந்தியாவின் முதுபெருங்கிழவர் என்று நாடெங்கும் போற்றப்பெற்ற தாதாபாய் நௌரோஜியே அவர். அவர் கற்றதும், கற்பித்ததும், இறுதியில் கண் மூடியதும் நாம் பிழைப்பு நாடி வந்து வாழும் இந்த மும்பை மாநகரிலேயாம். கோட்டைப் பகுதியில் அவர் பெயர் தாங்கிய சாலையில் நம்மவர் பலர் நாள்தோறும் நடக்கின்றனர். அவர் செய்த தொண்டு இன்னதென்று அறிந்தோர் அவர்களுள் சிலரேயாவர்.

இளமை

தாதாபாய் 1825-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், பார்சி சமயக் குருமார் மரபில், எளிய குடும்பம் ஒன்றில் தோன்றினார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். கல்வியறிவு பெறாத அன்னை மானெக்பாய், மகனை ஆளாக்குவதே தம் கடன் எனக் கொண்டார். சம்பளம் வாங்காத பள்ளி ஒன்று அந்நாளில் இருந்தமையாலன்றோ அவ்வேழைச் சிறுவர் படிக்க முடிந்தது! பொதுப் பணத்தில் பெற்ற கல்விக்குப் பொதுத் தொண்டே கைம்மாறு என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் பயின்ற அவர், அங்கேயே கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் கற்பிக்கும் பேராசிரியராக உயர்ந்தார். அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. பெண் படித்தால் குடி கெடும் என்று கருதிய அக்காலத்தில், 1849-இல், நண்பர்களுடன் வீடு வீடாகச் சென்று பேசிப் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிகள் கண்டார். 1851-இல் ராஸ்த் கோப்தார் என்னும் குஜராத்தி இதழைத் தொடங்கினார்.

வாணிகம் கற்பித்த பாடம்

1855-இல் பேராசிரியப் பதவியை விட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். காமா என்னும் பார்சிக் குடும்பத்தார் அங்கே தொடங்கிய வாணிக நிறுவனத்தில் அவர் ஒரு பங்காளி. அந்நிறுவனம் மதுவிலும் அபினியிலும் ஈட்டிய இலாபம் அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. சில ஆண்டுகளில் விலகித் தம் பெயரிலேயே பருத்தி வாணிகம் தொடங்கினார்.

அவ்வாணிகம் அவருக்குப் பொருளைக் காட்டிலும் அறிவையே மிகுதியாகத் தந்தது எனலாம். இந்நாட்டுப் பஞ்சு பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலேறி லங்காஷயர் ஆலைகளுக்குச் செல்லும். துணியாகி அதே துறைமுகத்திற்கு மீளும். கப்பல் கூலி, இன்ஷ்யூரன்ஸ், தரகு, நாணய மாற்று ஆகியவற்றில் எந்தக் கையில் எவ்வளவு தங்குகிறது என்பதை இரு கரைகளிலும் நின்று பார்த்தவர் அவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரை பம்பாய்ப் பஞ்சின் விலை வானளாவ ஏறியது. போர் முடிந்ததும் விழுந்தது. வணிகர் பலர் வீழ்ந்த அந்நெருக்கடியை ஒட்டி அவர் வாணிகமும் நொடித்தது. அவர் தொடங்கிய வேறொரு கணக்கு மட்டும் நிற்கவில்லை.

நாட்டின் வரவு செலவு

1866-இல் இலண்டனில் கிழக்கிந்தியச் சங்கம் தோன்றியது. அதன் கூட்டத்தில் 1867 மே 2-ஆம் நாள் தாதாபாய் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் வசூலாகும் வரிப்பணத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நாட்டை விட்டே வெளியேறி இங்கிலாந்தைச் சேர்கிறது என்று அதில் எடுத்துக்காட்டினார். பின்னர் 1876-இல் இந்தியாவின் வறுமையைப் பற்றிய ஆய்வைப் பம்பாயில் வெளியிட்டார். மாகாணந்தோறும் விளைச்சலைக் கூட்டி, விலையால் பெருக்கி, மக்கள் தொகையால் வகுத்து, பிரிட்டிஷ் இந்தியாவில் ஆள் ஒருவருக்கு ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று கண்டார். அத்துடன் அமையவில்லை. சர்க்காரின் அறிக்கைகளையே எடுத்து, சிறையில் ஒரு கைதிக்கு உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவையும், அயல்நாட்டுத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலியாளுக்குக் கப்பலில் அளிக்கும் உணவின் அளவையும் அதனருகே வைத்துக் காட்டினார். ஒரு குற்றமும் செய்யாத குடியானவனின் பங்கு கைதியின் பங்கினும் குறைந்திருந்தது!

பணம் எவ்வழியே வெளியேறியது? 1858-இல் கம்பெனி ஆட்சி முடிந்து, இந்தியாவை ஆளும் பொறுப்பு இலண்டனில் அமர்ந்த இந்திய மந்திரியைச் சேர்ந்தது. அம்மந்திரியின் சம்பளம், அவர் அலுவலகச் செலவு, ஓய்வு பெற்ற ஆங்கில அதிகாரிகளின் பென்ஷன், கடனுக்கு வட்டி, படைத் தளவாடங்களின் விலை ஆகிய அனைத்தும் இந்திய வரிப்பணத்தின் தலையில் விழுந்தன. 1857-இல் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய செலவும் இந்தியாவின் கடனாகவே எழுதப்பட்டது. 1867-68-இல் ஆப்பிரிக்காவில் அபிசீனியாவின் மீது நடந்த படையெடுப்புக்குச் சென்ற இந்தியப் படையினரின் வழக்கமான சம்பளமும் இந்தியப் பொக்கிஷத்திலிருந்தே போயிற்று.

இப்பணத்தை ரூபாயாக மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்ற வேண்டியதில்லை. இந்திய மந்திரி இலண்டனில் கவுன்சில் பில் எனப்படும் உண்டியல்களை விற்பார். இந்தியச் சரக்கு வாங்க ரூபாய் வேண்டியவர்கள் அங்கே பவுன் கொடுத்து அவற்றைப் பெறுவர். இங்கே பொக்கிஷத்தில் காட்டி ரூபாயாக மாற்றிக் கோதுமையும் பஞ்சும் வாங்குவர். அந்த ரூபாய் யாருடையது? குடியானவன் கட்டிய வரி! ஆக, அவன் விளைத்த சரக்குக்கு அவன் கட்டிய வரிப்பணமே விலையாகத் திரும்பி வந்தது. சரக்கோ கடல் கடந்தது. ஏற்றுமதி இறக்குமதியினும் மிகுந்திருப்பது செழிப்பின் அடையாளம் என்றனர் ஆள்வோர். அம்மிகுதிக்கு ஈடாக வரவேண்டியது வரவில்லையே என்று சுட்டினார் தாதாபாய். வரவுப் பத்தியில் ஒன்றும் ஏறாத செலவு வாணிகமன்று, கப்பமே என்பது அவர் கணக்கின் சாரம்.

இவ்விடத்தில் நம்மவர்க்கு ஓர் ஐயம் எழலாம். வேற்றூரில் ஊதியம் பெற்று மாதந்தோறும் சொந்த ஊருக்குப் பணம் அனுப்பும் நம்மைப் பார்த்து, இவர்கள் இவ்வூர்ச் செல்வத்தை வெளியேற்றுகின்றனர் என்று சொல்வோரும் உண்டு. திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் நாம் அனுப்பும் பணமும் தாதாபாய் சொன்ன வடிகாலும் ஒன்றுதானோ? இதனை மழுப்பாமல் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உழைத்துக் கூலி பெறுவதும், அதில் மிச்சம் பிடித்துப் பெற்றோருக்கு அனுப்புவதும் குற்றமாகா. ஆங்கில அதிகாரி தன் தாய்க்குப் பணம் அனுப்பினான் என்பதன்று தாதாபாயின் வழக்கு. அவ்வதிகாரியை அமர்த்துவதா வேண்டாமா, எவ்வளவு சம்பளம் கொடுப்பது என்று வரி கட்டிய மக்களை எவரும் கேட்கவில்லை. அவ்வேலைக்குத் தகுதியுள்ள இம்மண்ணின் மக்களுக்கு உயர்பதவிகளின் வாயில் ஏறக்குறைய அடைபட்டிருந்தது. இவையே அவர் கண்ட குறைகள். இன்று நாமும் வாக்காளர். நம் அண்டை வீட்டு மராட்டியரும் வாக்காளர். அவர் பிள்ளைகள் சென்னையில் வேலை பார்க்கவும் தடையில்லை. பணம் ஓர் ஊர் விட்டு மற்றோர் ஊர் போவதாலேயே வடிகால் ஆகிவிடாது. கேள்வி கேட்க உரிமையில்லாதவர் பணம் கைமாறின்றிப் போவதே வடிகால்.

இருப்புப் பாதையும் சுங்கவரியும்

இருப்புப் பாதையின் வரலாறு இதனை நன்கு விளக்கும். ரயில்வேக் கணக்கேடுகளோடு காலம் கழிக்கும் நமக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு இந்நாட்டின் முதல் பயணி வண்டி ஓடியது. பாதை அமைத்த ஆங்கிலக் கம்பெனிகளுக்கு, இலாபம் வந்தாலும் வாராவிட்டாலும், முதலீட்டின் மீது ஆண்டுக்கு 5 சதவீதம் கிடைக்கும் என்று சர்க்கார் உறுதியளித்திருந்தது. குறைந்ததை இந்தியப் பொக்கிஷம் நிரப்பும். நட்டம் தன் தலையில் விழாது என்றறிந்தவன் சிக்கனம் பார்ப்பானா? மைலுக்கு 8,000 பவுன் ஆகும் என்று மதிப்பிட்ட பாதை 18,000 பவுன் அளவுக்கு விழுங்கியது. 1900-ஆம் ஆண்டு வரை ரயில்வே பொக்கிஷத்துக்குச் சுமையாகவே இருந்தது.

தாதாபாய் ரயிலை எதிர்க்கவில்லை. பிற நாடுகளும் கடன் வாங்கிப் பாதை போட்டன. அங்கே வட்டி வெளியே போனாலும் கூலியும், மேலதிகாரிகளின் சம்பளமும், பாதையால் விளையும் ஆதாயமும் உள்நாட்டிலேயே தங்கின. இங்கோ வட்டியோடு பெருஞ்சம்பளங்களும் ஆதாயமும் சேர்ந்தே வெளியேறின என்பதே அவர் எடுத்துக்காட்டிய வேறுபாடு. இன்னொன்றையும் நாம் சேர்த்துச் சொல்லலாம். 1865 முதல் 1941 வரை இந்தியப் பட்டறைகளில் உருவான நீராவி எஞ்சின்கள் ஏறத்தாழ 700. ஆங்கில ஆட்சிக் காலத்தில் பிரிட்டனிலிருந்து வந்திறங்கியவையோ 12,000 அளவின. எஞ்சின் செய்யும் திறமை நம் கம்மியர்க்கு இல்லாமலில்லை. வாங்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை.

சுங்கவரியின் கதையும் இத்தகையதே. 1850-களில் பம்பாயில் பருத்தி ஆலைகள் எழத் தொடங்கின. இறக்குமதித் துணிக்கு இருந்த 5 சதவீத வரி, வருவாய்க்காக விதித்ததேயன்றி ஆலைகளைக் காக்க விதித்ததன்று. ஆயினும் லங்காஷயர் ஆலை முதலாளிகள் அதனைப் பொறுக்கவில்லை. 1879-இல் வைசிராய் லிட்டன் பிரபு, தம் ஆலோசனைச் சபையில் பெரும்பாலோர் மறுத்தும், முரட்டுத் துணி வகைகளுக்கு வரியை நீக்கினார். 1882-இல் எஞ்சிய துணி வரியும் நீங்கியது. 1894-இல் பொக்கிஷம் வறண்டு மீண்டும் துணிக்கு வரி விதிக்க நேர்ந்தபோது, இந்திய ஆலைச் சரக்கின் மீதும் உள்நாட்டுத் தீர்வை சுமத்தப்பட்டது. 1896-இல் இறக்குமதித் துணிக்கும் இந்திய ஆலைத் துணிக்கும் ஒன்றுபோல் மூன்றரை சதவீதம் என்று வகுத்தனர். அயலான் மனம் கோணாதிருக்கத் தன் நாட்டில் நெய்த துணிக்குத் தன் நாட்டிலேயே வரி கட்டிய விந்தை இது! லங்காஷயருக்குப் பாராளுமன்றத்தில் உறுப்பினர் பலர் இருந்தனர், பம்பாய்க்கு ஒருவருமில்லை. வரி விகிதத்தை வகுத்தது பொருளாதார நூலன்று, வாக்குச் சீட்டே.

ஜப்பானை இங்கு நினைவுகூரலாம். மேலை நாடுகள் 1866-இல் அந்நாட்டின் சுங்கவரியையும் 5 சதவீதத்துக்குள் கட்டிப் போட்டன. இலண்டனில் வாங்கிய கடனைக் கொண்டே 1872-இல் ஜப்பானும் முதல் ரயிலை ஓட்டியது. ஆயினும் அந்நாட்டில் ஆட்சி அந்நாட்டாரிடமே இருந்தது. அயல்நாட்டு நிபுணரிடம் தம் இளைஞரைப் பழகவிட்டுப் பின் அவர்களை அனுப்பிவைத்தனர், பள்ளிகளைப் பெருக்கினர், 1911-இல் சுங்கவரி விதிக்கும் முழு உரிமையையும் மீட்டனர். கட்டு ஏறக்குறைய ஒன்றே. அவிழ்க்கக் கையிருந்தவர் அவிழ்த்துக்கொண்டனர்.

ஐந்து வாக்கில் ஒரு வெற்றி

தாதாபாய் தடையற்ற வாணிகத்தைப் பகைத்தவரல்லர். இந்தியா செழித்தால் ஆங்கிலச் சரக்கையே மிகுதியாக வாங்கும், இரு நாடுகளுக்கும் ஆதாயம் என்று ஆங்கிலேயர்க்கு எடுத்துரைத்தார். உண்மையை அறிந்தால் அவர்கள் நீதி செய்வர் என்று நம்பினார். அந்நம்பிக்கையாலேயே, முடிவு செய்யும் அம்மன்றத்துக்குள் நுழைய முனைந்தார். 1886-இல் நின்று தோற்றார். 1888-இல் பிரதம மந்திரி சாலிஸ்பரி பிரபு அவரது நிறத்தைச் சுட்டி இகழ்ந்து பேசியது, அவர் பெயரை இங்கிலாந்து முழுவதும் பரப்பியது. 1892-இல் இலண்டனின் மத்திய பின்ஸ்பரி தொகுதியில் ஐந்தே வாக்கு வேற்றுமையில் வென்றார். மறு எண்ணிக்கையில் அது மூன்றாயிற்று. உச்சரிக்கக் கடினமான அவர் பெயரை நேரோ மெஜாரிட்டி என்று மாற்றி வேடிக்கை செய்தனராம். அறுபத்தாறு வயதில் இந்தியாவின் குரலாக அவர் அம்மன்றத்தில் அமர்ந்தார்.

1893-இல் சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் பொதுமக்கள் சபையில் நிறைவேறியது. ஆயினும் சர்க்கார் அதைச் செயலாக்கவில்லை; இந்தியாவில் அத்தேர்வு 1922-இல்தான் தொடங்கியது. 1895-இல் அவர் தொகுதியை இழந்தார். அவ்வாண்டே இந்தியச் செலவுகளை ஆராய அமைந்த வெல்பி கமிஷனில் உறுப்பினரானார். 1897-இல் அக்கமிஷன் முன் சாட்சியம் அளிக்கக் கடல் கடந்து சென்றோருள், இந்து, சுதேசமித்திரன் இதழ்களை நிறுவிய நம் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். 1900-இல் வெளிவந்த அறிக்கை சிறு சலுகைகளோடு நின்றது. தாதாபாயும் வேறு இருவரும் பெரும்பாலோருடன் மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதினர்.

கணக்கு சரியாகவே இருந்தாலும் கேட்போர் மனம் இரங்கினாலன்றிப் பயனில்லை என்பதை அந்த ஆண்டுகள் அவருக்கு உணர்த்தின. 1906 டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரஸ் மகாசபைக்கு மூன்றாம் முறை தலைமை தாங்கியபோது அவருக்கு வயது 81. குரல் தளர்ந்தமையால் உரையைக் கோகலே படித்தார். பிரிட்டனிலோ அதன் குடியேற்ற நாடுகளிலோ உள்ளது போன்ற சுயராஜ்யமே வேண்டுவது என்று அவ்வுரை முழங்கியது. கூட்டிக் கழித்துப் பார்த்து, கணக்கின் கடைசி வரியில் வந்து நின்ற விடை அது. அவ்வாண்டு அக்டோபரில்தான் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. ஆங்கிலக் கம்பெனியின் கட்டணப் போட்டியும் ஆள்வோரின் அடக்குமுறையும் சேர்ந்து அதனை வீழ்த்திய கதை நாம் அறிந்ததே. அரசு தம் பக்கம் இல்லாதவர் கப்பலும் விட முடியாது என்பதைத் தூத்துக்குடி கண்ணீரோடு கற்றது. பெருங்கிழவரைப் போற்றி நம் பாரதியாரும் கவி புனைந்தார்.

மறைவும் விளைவும்

1907-இல் தாயகம் திரும்பிய தாதாபாய், வெர்சோவாக் கடற்கரையில் ஓய்வாக வாழ்ந்து, 1917 ஜூன் 30-ஆம் நாள் தம் 91-ஆம் வயதில் மறைந்தார். அவ்வாண்டு மார்ச்சில்தான் இறக்குமதித் துணி வரி ஏழரை சதவீதமாக உயர்ந்தது. இந்தியத் துணியின் தீர்வை மூன்றரையிலேயே நின்றது. லங்காஷயரின் பிடி முதன்முதலாகத் தளர்ந்ததை அவர் கண்டே கண் மூடினார். அத்தீர்வை 1926-இல் ஒழிந்தது. 1924-இல் எஃகுக்கும் 1932-இல் சர்க்கரைக்கும் காப்பு வரி கிடைத்தது. சுமார் 30 சர்க்கரை ஆலைகள் இருந்த நாட்டில் ஐந்தே ஆண்டுகளில் 130-க்கு மேல் எழுந்தன. விடுதலைக்குப் பின், 1955-இல் நம் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை எழுந்தது. 2019-இல் ஓடத் தொடங்கிய முதல் வந்தே பாரத் வண்டி அங்கே உருவானதே.

சுயராஜ்யம் வந்ததும் எல்லாம் நேராயின என்று நாம் சொல்ல வரவில்லை. காப்பு வரியும் லைசென்சும் அளவு கடந்து நீண்டு, சிலர் சுகமாக உறங்குவதற்கு வேலியாயின. 1991-இல் அந்நியச் செலாவணி வற்றிய பின்னரே நாடு கொள்கையை மாற்றிக்கொண்டது. தாதாபாயின் காலத்தில் புள்ளிவிவரம் குறைவு. வெளியேறிய தொகையின் அளவைப் பற்றி அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். ஆயினும் அவர் நாட்டிய அடிப்படை அசையவில்லை. வரியை உயர்த்துவதும் தாழ்த்துவதும் காலத்துக்கேற்ற மருந்து. அம்மருந்தை உண்பவனிடமே அதனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், தவறினால் மாற்றும் உரிமையும் இருத்தல் வேண்டும். 1896-இல் அவ்வுரிமை நம்மிடம் இல்லை, 1991-இல் இருந்தது. வேற்றுமை அதுவே.

நாட்டுக்குப் பொருந்துவது சங்கத்துக்கும் பொருந்தும். நம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு படிக்கும்போது எவரேனும் ஓர் உறுப்பினர் எழுந்து, இந்தத் தொகை எதற்கு என்று கேட்பாராயின், நேரமாகிறதே, சாப்பாடு ஆறுகிறதே என்று நாம் முகம் சுளிக்க வேண்டா. அவர் தாதாபாய் நௌரோஜியின் வழி நிற்பவர்; பொறுமையோடு விடையளிப்போம்.

வாழ்க பெருமகனார் புகழ்!